புதுப்பட்டிக்கு ரயில் வந்தாச்சு!

ஒரு தீக்குச்சியை எடுங்க. பத்தவைக்க வேண்டாம், பாஸ்! மருந்து இருக்கிற தலையைக் கிள்ளிப் போட்டுட்டு, மிச்சத்தைச் சரியா நடுவுல ஒடிங்க. இப்ப உங்க உள்ளங்கையில் இருக்கிறது என்ன தெரியுமா? ரெண்டு ரயில்வே சிலீப்பர் கட்டை!

கிண்டல் இல்லைங்க. மீட்டர்கேஜ் காலத்தில் தண்டவாளத்துக்கு அடியில் போட்ட மரக்கட்டையின் நீளம் 180 சென்டிமீட்டர், அகலம் 20 சென்டிமீட்டர். ரெண்டையும் 87-ஆல் வகுத்துப் பாருங்க. நீளம் ரெண்டு சென்டிமீட்டரும் சொச்சமும், அகலம் ரெண்டு மில்லிமீட்டரும் சொச்சமும் வரும். அதாவது அரைத் தீக்குச்சி. இந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்த புரொஃபஸரும் இல்லை. என் ஹாஸ்டல் ரூம்மேட். அவன் ஊர் எம். புதுப்பட்டி.

சிவகாசி பக்கம் என்றாலே நமக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் ஞாபகம் வரும். மிச்ச 364 நாளும் அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் இந்த செமஸ்டர் லீவில் மூட்டையைக் கட்டினேன். கூடவே இன்னொரு காரணமும் உண்டு. 'எங்க வீட்டுல ரயில் ஓடுது, வர்றியா?' என்று கேட்டால் யார்தான் போகாமல் இருப்பார்கள்?

சென்னையிலிருந்து செங்கோட்டை போகிற பொதிகை எக்ஸ்பிரஸ் விருதுநகரில் மெயின் லைனை விட்டுப் பிரிகிறது. திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், பாம்பக்கோவில் சந்தை, கடையநல்லூர், தென்காசி... ஸ்டேஷன் பெயர்களைச் சத்தமாகப் படித்தாலே ஒரு டூர் போன மாதிரி இருக்கும். விடிகிற நேரத்தில் சிவகாசியில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ். இருபுறமும் சீமைக்கருவேலம், நடுவில் வறண்ட காடு, அந்தக் காட்டுக்குள் தள்ளித் தள்ளி வெள்ளையடித்த சின்னச் சின்ன அறைகள். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு ஏதோ யாரும் குடிவராத காலனி மாதிரி தெரியும். அவையெல்லாம் பட்டாசு ஆலைகள்.

முக்கியமான விஷயத்தைச் சொல்ல மறக்கக்கூடாது. எம். புதுப்பட்டிக்கு ரயிலே கிடையாது! ரயில் பிடிக்க இந்த ஊர்க்காரர்கள் சிவகாசிக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோதான் போகணும். அப்படிப்பட்ட ஊரில், ரெண்டு ரூம் வீட்டில், சுவரில் சாய்த்து வைத்த எட்டடிக்கு ரெண்டடிப் பலகை மேல் ஒரு மீட்டர்கேஜ் லைன்!

'மாடல் ரயிலா? பொம்மைதானே!' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக்.

ஜெர்மனியில் மார்க்லின் கம்பெனி 1891-லேயே ஓர் அளவு வைத்து, அதே அளவில் மேலும் மேலும் வாங்கிச் சேர்க்கிற மாதிரி பொம்மை ரயில்களை விற்க ஆரம்பித்தது. இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பி 1920-ல் சாவி கொடுத்தால் ஓடுகிற ரயிலைக் கொண்டு வந்தார். அப்பா வாங்கிக் கொடுத்து, அப்பாவே விளையாடுகிற ரகம்! போகப் போக இதில் ரெண்டு ஜாதி பிரிந்தது. ஒன்று, ரயிலை ஓடவிட்டு ரசிக்கிறவர்கள். இன்னொன்று, நிஜத்தில் இருப்பது ஒரு மில்லிமீட்டர்கூட மாறக் கூடாது என்று ராத்தூக்கம் கெடுகிறவர்கள். உலகத்தில் அதிகம் பேர் கட்டுவது ஹெச்.ஓ. என்கிற அளவில். நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு.

நம்மைப் போன்ற இன்ஜினீயரிங் கும்பலுக்கு இதில் ஒரு பூர்வீகப் பாத்தியதை உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் 1946-ல் மாணவர்கள் ஒரு மாடல் ரயில் கிளப் ஆரம்பித்தார்கள். அதில் ஒரு கோஷ்டி பலகைக்கு மேலே மரம், மலை, ஸ்டேஷன் என்று அழகு பார்த்தது. இன்னொரு கோஷ்டி பலகைக்கு அடியில் படுத்துக்கொண்டு, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பயன்படும் ரிலேக்களை வைத்து, எந்த ரயில் எந்தத் தடத்தில் போகணும் என்று ஒயரிங் செய்துகொண்டிருந்தது. 'ஹேக்' என்ற வார்த்தை இன்று நமக்குத் தெரிந்த அர்த்தத்தில் புழங்கத் தொடங்கியதே இந்தப் பலகைக்கடியில்தான். அதே பசங்களில் சிலர் கல்லூரிக்கு வந்த கம்ப்யூட்டரை நோண்ட ஆரம்பித்தார்கள். 1962-ல் 'ஸ்பேஸ்வார்' என்ற கம்ப்யூட்டர் கேம் வந்தது இந்த வட்டாரத்திலிருந்துதான். ஆக, ராத்திரி ரெண்டு மணிக்கு கேம் ஆடி அரியர் வாங்குகிற அத்தனை பேரும் மானசீகமாக இந்த ரயிலுக்கு ஒரு கும்பிடு போட்டுடுங்க!

இந்தியாவில் பார்க்கணுமா? புனே கோத்ருடில் ஜோஷி மினியேச்சர் ரயில் மியூசியம் இருக்கிறது. ஜோஷி என்ற தனி மனிதர் ஒருவருடைய ஆசை, 1998-ல் மியூசியமாகத் திறக்கப்பட்டது. ஒரு குட்டி நகரமே விளக்கு எரிய, சிக்னல் மாற, ரயில் ஓட இயங்கும். நம்ம ஊரில் என்றால் சென்னை ஐ.சி.எஃப் பக்கத்தில் 2002-ல் திறந்த ரயில் மியூசியம். நிஜப் பெட்டிகளும் எஞ்சின்களும் வெளியே, மாடல்கள் உள்ளே. ஜெர்மனியின் ஹாம்பர்கில் 2001-ல் திறந்த 'மினியேச்சர் வுண்டர்லாண்ட்' பற்றி நான் எழுதப் போவதில்லை. வீடியோ பாருங்க, வயிறு எரியும்.

எரிவதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டிலிருந்து சத்தமெல்லாம் வருகிற நல்ல எஞ்சின் ஒன்று வாங்கினால் விலை சுலபமா அஞ்சு இலக்கத்தைத் தொடும். அதற்குத் தண்டவாளம், கன்ட்ரோலர், பெட்டிகள் தனி. என் ரூம்மேட்டின் அம்மா பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர். அப்பா லோடு வேன் ஓட்டுகிறார். அவன் ஒரு நாற்பது பக்க நோட்டில் பைசா சுத்தமாகக் கணக்கு எழுதி வைத்திருக்கிறான். ஏழு வருஷத்தில் இதுவரை அவனுக்கு ஆன மொத்தச் செலவு 2,140 ரூபாய்!

எப்படி என்கிறீர்களா? அங்கேதான் ஊர் கைகொடுக்கிறது.

1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற ரெண்டு பேர் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்த கதை சிவகாசியில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தீப்பெட்டி வந்ததும் அதற்கு லேபிள் வேணும். லேபிளுக்காகப் பிரஸ் வந்தது. பிரஸ் வந்ததும் காலண்டர், டைரி, நோட்டு என்று கிளை விட்டது. தீப்பெட்டிக்கு அண்ணன் தம்பியாகப் பட்டாசு. இத்தனை தொழிலும் இருக்கிற ஊரில் என்னவெல்லாம் மிச்சம் விழும் என்று யோசியுங்க.

மருந்து முக்காத வெறுங்குச்சி, கிலோ கணக்கில். கட்டை மாதிரி போடுவதற்கு. ஒரு மீட்டர் லைனுக்குச் சுமார் 140 கட்டை, அதாவது எழுபது குச்சி. பெட்டிகளின் உடம்புக்கு அட்டை. பிரஸ்களில் கலர் சரிபார்க்க ஒரே அட்டையைத் திரும்பத் திரும்ப மெஷினில் விடுவார்கள். அந்தக் கழிவு அட்டையில் லட்சுமி மேல் ரோஜாப்பூ, ரோஜாப்பூ மேல் சிரிக்கிற குழந்தை, குழந்தை மேல் ராக்கெட் என்று அடுக்கடுக்காகப் படம் விழுந்திருக்கும். வெளியே செங்கல் சிவப்புப் பெயின்ட் அடித்த அவன் பெட்டியை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், உள்சுவரில் லட்சுமியின் அரை முகம் தெரிகிறது. உலகத்தில் எந்தக் கம்பெனியும் இப்படி ஒரு கோச் விற்றதில்லை என்று அடித்துச் சொல்வேன்!

தண்டவாளத்துக்குப் பழைய வீட்டு ஒயரிங்கிலிருந்து உருவின ஒத்தைச் செப்புக் கம்பி. ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். கம்பியின் விட்டம் 1.38 மில்லிமீட்டர். 87-ஆல் பெருக்கினால் 12 சென்டிமீட்டர், ஏறக்குறைய அந்தக் காலத்துத் தண்டவாளத்தின் உயரம். கரன்ட்டும் பாயும். சக்கரங்களைப் பிரஸ் மெஷின்களுக்கு பார்ட்ஸ் கடைகிற லேத் பட்டறை அண்ணன் ஒருத்தர் ஓய்வு நேரத்தில் பித்தளையில் கடைந்து கொடுத்திருக்கிறார். எட்டு மில்லிமீட்டர் சக்கரம். "இதுக்கு என்ன காசுடா வாங்குறது, வெயிட்டே இல்லை" என்று சொல்லிவிட்டாராம்.

வெயிட் பற்றி ஒரு கணக்கு சொல்லட்டுமா? நீளத்தை 87 மடங்கு குறைத்தால் கன அளவு 87-ஐ மூன்று தடவை பெருக்கிய அளவுக்குக் குறையும். ஆறரை லட்சம் மடங்கு! இந்த லைனில் ஓடின ஒய்.டி.எம்-4 டீசல் எஞ்சின் சுமார் 72 டன். மாடலில் அது 109 கிராம். உங்க செல்போனைவிட லேசு. இவ்வளவு லேசா இருந்தால் சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்காமல் வழுக்கும். அதனால் எல்லா நாட்டு மாடல்காரர்களும் எஞ்சினுக்குள் ஈயத்தைத் திணிப்பார்கள். இவன் திணித்திருப்பது டயர் கடையில் வீல் பேலன்ஸ் பார்க்க ஒட்டுகிற ஈயக்கட்டி!

மீட்டர்கேஜை நானும் அவனும் இந்த லைனில் பார்த்ததே இல்லை. விருதுநகர் - தென்காசிப் பாதையை 2004-க்குள் அகலப்பாதையாக்கி விட்டார்கள், நாங்கள் பிறப்பதற்கு முன்னாலேயே. தண்டவாளத்துக்கு நடுவே 1,000 மில்லிமீட்டர் இருந்தது 1,676 ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் இன்று மீட்டர்கேஜில் ஓடுவது நீலகிரி மலை ரயில் ஒன்றுதான். பிறகு எதைப் பார்த்து இவன் கட்டுகிறான்?

தாத்தாவைப் பார்த்து!

அம்மாவைப் பெற்ற தாத்தா. மீட்டர்கேஜ் காலத்தில் இந்த லைனில் கேங்மேனாக இருந்து, கீமேனாக ரிட்டயர் ஆனவர். தினமும் தண்டவாளம் பிடித்தே நடந்து, ஒவ்வொரு சாவியாகத் தட்டிப் பார்க்கிற வேலை. எண்பது வயதுக்குக் கிட்டத்தட்ட இருக்கும். பலகைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு பேரனின் லைனை இன்ஸ்பெக்‌ஷன் செய்கிறார்.

"ஏய்யா, இந்த வளைவுல வெளிப்பக்கத் தண்டவாளம் கொஞ்சம் உசரமா இருக்கணும். இல்லாட்டி வண்டி சாஞ்சிரும்" என்றார் என்னிடம்.

மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படிக்கிறவனிடம் சூப்பர் எலிவேஷன்! "ஆமா தாத்தா, மையவிலக்கு விசை..." என்று ஆரம்பித்தேன்.

"அது என்னமோ. எங்களுக்குக் காலு சொல்லும்" என்றார்.

எஞ்சினை ஓடவிட்டோம். நிஜத்தில் மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் மாடலில் விநாடிக்கு 19 சென்டிமீட்டர். எட்டடிப் பலகையைப் பன்னிரண்டு, பதின்மூன்று விநாடியில் கடக்கணும். நம்ம வண்டி கணக்குப்படி சரியாகத்தான் போனது. தாத்தா முகத்தில் திருப்தியே இல்லை. "இந்த லைன்ல எந்த வண்டிய்யா இப்படிப் பறந்துச்சு? மெதுவா விடு. திருத்தங்கல்ல ஏற வேண்டியவன் ஓடி வந்துக்கிட்டிருப்பான்ல?"

மெதுவா விடுவது சொல்கிற மாதிரி சுலபம் இல்லை. வோல்டேஜைக் குறைத்தால் மோட்டார் ஒரு கட்டத்தில் திணறி நின்றுவிடும். அதற்குத்தான் பி.டபிள்யூ.எம். என்கிற தந்திரம். முழு வோல்டேஜையே கொடுப்பது, ஆனால் விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை விட்டுவிட்டுக் கொடுப்பது. ஒரு 555 டைமர் ஐ.சி. இருந்தால் போதும். லேபில் எல்.இ.டி-யை மினுக்கிவிட்டு ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கி மறந்து போகிறோமே, அதே 555! இங்கே அது திருத்தங்கல் பயணிக்காக வண்டியை மெதுவாக ஓட்டுகிறது.

இன்னொரு சுவாரஸ்யமும் தாத்தா சொன்னார். கீமேன் பையில் பச்சைக்கொடி, சிவப்புக்கொடியோடு சில வெடிகளும் இருக்குமாம். தண்டவாளம் உடைந்திருந்தால் தூரத்தில் தண்டவாளத்தின் மேல் அதைக் கட்டி வைத்துவிடுவார்கள். எஞ்சின் ஏறினதும் 'டமார்'. டிரைவர் பிரேக் பிடிப்பார். "ஊரே வெடி செய்யுது, நாங்களும் வெடியோடதான் நடந்தோம்" என்று சிரித்தார். (பட்டாசு ஊருக்குப் போன ஜோரில் நீங்க கிஃப்ட் பாக்ஸோட ரயில் ஏறிடாதீங்க. 1989 ரயில்வே சட்டப்படி குற்றம்.)

இனி அந்த வீட்டு தினசரிக்கு வருவோம். காலையில் அம்மா தூக்குச்சட்டியோடு ஆலை வேனில் ஏறிப் போய்விடுவார். போனுக்கு ஆலைக்குள் அனுமதி இல்லை. சாயங்காலம் திரும்புகிறபோது கை, முகம், சேலையெல்லாம் அலுமினியப் பொடி மினுமினுக்கும். சினிமாவில் சாமி வேஷம் போட்ட மாதிரி வெள்ளியில் ஜொலிப்பார். குளித்து, சேலையைத் தனியாக அலசிப் போட்டபிறகுதான் அடுப்படிப் பக்கம் போவார். எங்களுக்கும் ஒரு சட்டம் உண்டு. சால்டரிங் அயர்ன் மொட்டை மாடியில் மட்டும். வீட்டுக்குள் காகிதக் குழாய் உருட்டி வைத்திருந்தால் அதுவும் கிடையாது. வெறும் காகிதம்தானே, மருந்து இல்லையே என்று எவ்வளவு வாதாடினாலும், "நெருப்பு உங்கிட்ட கேட்டுட்டா வரும்?" என்று ஒரே கேள்வி.

பகலில் பலகை சுவரில் நிமிர்ந்து நிற்கும். தரை வீட்டு வேலைக்கு வேணும். ராத்திரி சாப்பாடு முடிந்து தட்டு கழுவினதும்தான் புதுப்பட்டி லைன் படுக்கும். அதனால் மரம், செடி, ஸ்டேஷன் எல்லாமே செங்குத்தாக நிறுத்தினாலும் விழாத மாதிரி ஒட்டியிருக்கிறது. இப்படி ஒரு டிசைன் கண்டிஷன் எம்.ஐ.டி-காரர்களுக்கும் வந்திருக்காது!

இந்த ரயில் பிறந்த கதையும் ஆலையோடு சம்பந்தப்பட்டதுதான். 2018 அக்டோபர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும்தான் செய்யணும். காற்று மாசுக்காகச் சொன்ன தீர்ப்பு. டெல்லியில் மூச்சுத் திணறுகிறவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால், அந்தத் தீபாவளிக்குப் பிறகு இங்கே ஆலைகள் மாசக்கணக்கில் திறக்கவில்லை. அம்மாவுக்குத் தெரிந்த வேலை சரம் பின்னுவது. அதுதான் தடை. அப்போது என் ரூம்மேட்டுக்குப் பதின்மூன்று வயது. கையில் காசு இல்லை, டியூஷனை நிறுத்தியாச்சு, வீட்டில் எல்லோரும் இருந்தும் பேச்சு இல்லை. தாத்தாதான் பொழுதைப் போக்க, ஒரு தீப்பெட்டியைக் கொட்டி, தண்டவாளம் எப்படிப் போடுவது என்று தரையில் அடுக்கிக் காட்டினாராம். அன்றைக்கு ஆரம்பித்தது.

"அந்த மூணு, நாலு மாசத்துல வீட்டுல நடந்த ஒரே வேலை அதுதான்" என்கிறான். அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சரம் பின்னின விரல்கள் சும்மா இருக்குமா? லைன் ஓரத்தில் தந்திக் கம்பங்கள் வேணும் என்றதும், ஈர்க்குச்சியில் கம்பம் செய்து கொடுத்தால், அம்மா தையல் நூலை இழுத்துக் கட்டுகிறார். கம்பத்துக்கு நாலு கம்பி, நாலும் ஒரே தொய்வில். நான் ஒரு கம்பத்துக்கு முடிச்சுப் போடுவதற்குள் அவர் ஒன்பது கம்பம் தாண்டிவிட்டார். நடுவில் டி.வி. சீரியலையும் பார்த்துக்கொண்டு!

இப்போது பலகையின் இடது மூலைக்கு வருவோம். நான் போயிருந்த வாரத்தில் அங்கேதான் வேலை நடந்தது.

மாடல் ரயிலில் ஒரு பெரிய சிக்கல், இடம். விருதுநகரிலிருந்து சிவகாசி ஏறக்குறைய 26 கிலோமீட்டர். 87-ஆல் வகுத்தாலும் 300 மீட்டர் வரும்! யார் வீட்டில் இருக்கு 300 மீட்டர்? அதனால் எல்லோரும் சுருக்குவார்கள். பத்துப் பெட்டி வண்டி நாலு பெட்டியாகும். நீளமான பிளாட்பாரம் ஒண்ணரை அடியாகும். பத்து வீட்டுத் தெரு மூணு வீட்டோடு முடியும். பார்க்கிற கண் மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். இந்தச் சுருக்கல்தான் இந்தக் கலையின் உயிர் என்றுகூடச் சொல்லலாம். எதை வைப்பது, எதை விடுவது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

இடது மூலையில் பட்டாசு ஆலை ஒன்று வைப்பதாகத் திட்டம். ரயில் ஜன்னலில் இருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி. ஆறு அறைகளை அட்டையில் வெட்டி, வெள்ளையடித்து வைத்திருந்தான். இருந்த இடம் ஒண்ணரை அடி. ஆறையும் நெருக்கி அடுக்கினால் பார்க்க ஜோராகத்தான் இருந்தது.

அம்மா துவட்டின தலையோடு வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் குனிந்து ஒவ்வொரு அறையாக எடுத்துத் தரையில் வைத்தார். பலகையில் ரெண்டே ரெண்டு அறைதான் மிச்சம், ரெண்டு ஓரத்தில்.

"ரயிலைச் சுருக்குங்க, ஸ்டேஷனைச் சுருக்குங்க. ரூமுக்கு நடுவுல இருக்குற எடத்தைச் சுருக்காதீங்கப்பா" என்றார்.

அந்தக் காட்டுக்குள் அறைகள் ஏன் தள்ளித் தள்ளி நிற்கின்றன என்று பஸ்ஸில் வரும்போது எனக்குள் எழுந்த கேள்விக்கு அதுதான் பதில். ஒரு அறையில் ஏதாவது ஆனால் அடுத்த அறைக்குப் போகக் கூடாது. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இந்தப் பக்கத்திலேயே ரெங்கபாளையத்தில் 2023 அக்டோபர் 17-ம் தேதி பத்துப் பேருக்கும் மேல். தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால், நாம் பட்டாசு லிஸ்ட் போட்டுக்கொண்டிருந்த சமயம்.

"உள்ளே எத்தனை பேர் வைக்கலாம்மா?" என்று கேட்டேன். களிமண்ணில் ஆட்கள் உருட்டி வைத்திருந்தோம். ஆளுக்கு ரெண்டு சென்டிமீட்டர்கூட இல்லை.

"நாலு. சட்டத்துல நாலுதான்."

"நிஜத்துல?"

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. நாலு களிமண் பெண்களை எண்ணி எடுத்து, ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார். நாலும் கதவைப் பார்த்த மாதிரி. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிற மாதிரி ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் தள்ளிப் பார்த்தார். பிறகு அறைக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டியும், ஒரு வேப்பமரமும் கேட்டார். "கரன்ட் போனா, இடி மின்னல்னா வெளிய வந்து நிக்க ஒரு நெழல் வேணும்ல?"

உலகத்தில் எத்தனையோ பேர் மாடல் ரயிலுக்கு விதி எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் அதற்கென்றே 1935-லிருந்து சங்கம் இருக்கிறது. சக்கரத்தின் விளிம்பு எத்தனை மில்லிமீட்டர் என்பது வரை அவர்களிடம் கணக்கு உண்டு. எதைச் சுருக்கக் கூடாது என்ற அம்மாவின் விதி அதில் இருக்க நியாயமில்லை. என்னைக் கேட்டால், அந்த ரெண்டு அறையும் நடுவில் இருக்கிற வெறும் மண்ணும்தான் மொத்தப் பலகையிலும் ஸ்கேல் தப்பாத இடம்.

காலேஜ் டெக் ஃபெஸ்ட்டுக்கு இதைக் கொண்டு வரலாம் என்று நான் சொன்னதற்கு ரூம்மேட் பெரிய உற்சாகம் காட்டவில்லை. "ஐ.ஓ.டி. இருக்கா, ஏ.ஐ. இருக்கான்னு கேப்பாங்க மச்சி. தாத்தா இருக்கார்னு சொல்லவா?" என்றான். நியாயமான கேள்வி. ஆனாலும் பலகையை மூன்று துண்டாக மடிக்கிற மாதிரி கீல் அடிக்க அளவெடுத்தாச்சு. மடக்கினால் லோயர் பெர்த்துக்கு அடியில் போகுமா என்பதுதான் இப்போதைய ஆராய்ச்சி.

நீங்க போகணும்னா, சில டிப்ஸ். தீபாவளி முடிந்த கையோடு போனால் ஆலைகளுக்கு லீவு, வீடுகளில் ஆள் இருக்கும், பேச நேரம் இருக்கும். ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு விற்பனை தொடங்கிவிட்டால் அப்புறம் ஊரே ஓட்டம்தான். ஆலைப் பக்கம் வேடிக்கை பார்க்கப் போகாதீங்க, பாக்கெட்டில் லைட்டர் வைத்துக்கொண்டு போவதை நினைக்கவே செய்யாதீங்க. திரும்புகிற வழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும், விருதுநகர் எண்ணெய் பரோட்டாவும் விட்டுவிட்டு வந்தால் அது உங்க பாவம்.

கடைசியாக, ஸ்டேஷன் போர்டு விவகாரம். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில், தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூன்றிலும் 'எம். புதுப்பட்டி' என்று ரூம்மேட் எழுதிவிட்டான். தாத்தாவுக்கு ஒப்பவில்லை. "இங்கே ஏது ஸ்டேஷன்? லைனே வரலையே. திருத்தங்கல்னு போடு" என்கிறார். அம்மா கட்சி வேறு: "இருந்தா நல்லாத்தானே இருக்கும்? காலைல சிவகாசிக்கு பஸ்ஸுல தொங்க வேண்டாம்." ஓட்டெடுப்பில் மூணுக்கு ஒண்ணு என்று போர்டு நின்றுவிட்டது. ஆனால், எல்லா ஸ்டேஷன் போர்டிலும் கீழே சின்ன எழுத்தில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று போடணுமே? செல்போன் ஆப் ஒரு நம்பர் சொல்கிறது, மறுநாள் அதே இடத்தில் இன்னொரு நம்பர் சொல்கிறது. தாத்தா ரெண்டையும் நம்பத் தயாரில்லை. சிவகாசி ஸ்டேஷன் போர்டைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து மட்டம் பிடித்துக்கொண்டே வரணும் என்கிறார். அந்த இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.